சாப்பாட்டு நேரத்துப் படங்கள்

அத்தியாயம் 4

"நான்தான் தப்பு பண்ணேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

நாங்கள் இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. அதற்குள் வழக்கு முடிந்துவிட்டது.

என் நாத்தனார் என் காதருகே குனிந்தாள். "அண்ணி, வந்த டாக்ஸியை அனுப்பாம வெச்சிருக்கலாம்."

பதினாறு வருடமாகச் சந்தேகப்படுவதுதான் என் தொழில். குற்றம் செய்தவர்கள் முதலில் மறுப்பார்கள், பிறகு கோபப்படுவார்கள், அப்புறம் யாரையாவது கைகாட்டுவார்கள். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறவர்கள் இரண்டே வகை. அலுத்துப்போனவர்கள் ஒரு வகை. முதுகுக்குப் பின்னால் யாரையோ மறைத்துக்கொண்டு நிற்பவர்கள் இன்னொரு வகை.

எதிரே நின்றவள் அலுத்துப்போனவளாகத் தெரியவில்லை.

அது ஒரு மருந்து அச்சகம். மாத்திரைப் பெட்டிகள், புட்டியில் ஒட்டும் லேபிள்கள், பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள்கள் எல்லாம் அங்கே அச்சாகின்றன. அந்த மடித்த தாளை யாரும் படிப்பதில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். போன வாரம் மருந்து கம்பெனியின் பேக்கிங் அறையில் ஒரு பெண்மணி படித்துவிட்டார். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. ஒரு வேளைக்குப் பத்து மைக்ரோகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து மில்லிகிராம் என்று இருந்தது. ஆயிரம் மடங்கு. அதுவும் ஒரே ஒரு இடத்தில் அல்ல, பத்தொன்பது இடங்களில்.

பன்னிரண்டாயிரம் தாள்களும் கிடங்கைத் தாண்டவில்லை. எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் இன்று நான்கு மணிக்குக் கம்பெனியின் ஆய்வாளர் வருகிறார். அவர் கையில் எழுத்துமூலமாக ஒரு பெயரைக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் இனி எந்த மருந்து அச்சகத்திலும் ஒரு எழுத்தைத் தொட முடியாது. வேண்டுமென்றே செய்தது என்றால் அடுத்த படி போலீஸ்.

"தெரியாம பண்ணதா, இல்ல யாராச்சும் சொல்லிப் பண்ணதா? அது மட்டும் எனக்குத் தெரியணும் மேடம்" என்றார் முதலாளி. பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். "நாலு மணிக்குள்ள."

"நாலு மணி எங்களுக்கு டீ நேரம்" என்றாள் நாத்தனார். "மூணே முக்காலுக்கே முடிச்சிடறோம்."

அந்த அறை நீளமாக, குறுகலாக, முதலாளியின் அறைப் பக்கம் கண்ணாடிச் சுவரோடு இருந்தது. இரண்டு மேஜைகள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. ஜன்னலோர மேஜையில் கம்ப்யூட்டர். அங்கே பக்கம் அமைப்பவள்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டவள். அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் டிடிபி அக்கா. சுவரோர மேஜையில் சாய்வுப் பலகை, தாழ வளைத்த விளக்கு, சிவப்புப் பேனா. அங்கே மெய்ப்புத் திருத்துபவர், புரூஃப் சார். இருவரும் கணவன் மனைவி. இந்த அறையில் பதினோரு வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள்.

"வீட்ல ஒரே கூரை, இங்க ஒரே ஃபேன்" என்றார் முதலாளி, அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக.

நாத்தனார் கைப்பையைத் துழாவி ஓர் அறிமுக அட்டையை எடுத்துப் புரூஃப் சாரிடம் நீட்டினாள். அவர் அதை விளக்கின் அடியில் பிடித்தார். கண்கள் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓடின. தலையசைத்தார்.

"கேள்விப்பட்டிருக்கேங்க. துப்பறியறதுல உங்க பேர் பெரிய பேராச்சே."

அக்கா எழுந்து வந்து அந்த அட்டையை அவர் விரலிலிருந்து எடுத்தாள். ஒரு கணம் பார்த்தாள். மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அவர் மேஜையை ஒழுங்குபடுத்துகிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அப்படித்தான் தோன்றியது.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. அக்கா பக்கம் அமைப்பாள், அவர் தாளில் படித்துச் சிவப்பில் திருத்துவார், அவள் சரிசெய்வாள். பிறகு அது அச்சுத் தகடு செய்யும் பிளேட் அறைக்குப் போகும். அங்கிருந்து கடைசித் தாள் ஒன்று திரும்பி வரும். அதை அவர் படித்துக் கையெழுத்திடுவார்; மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் பிளேட் போடுவார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு முதலாளியே ஆனாலும் ஒரு புள்ளியைத் தொடக் கூடாது.

முதலாளி அந்தக் கடைசித் தாளை என்னிடம் காட்டினார். வியாழக்கிழமை, பன்னிரண்டு ஐம்பது. கீழே புரூஃப் சாரின் கையெழுத்து. மேலே பத்தொன்பது இடங்களில் மில்லிகிராம், துல்லியமாக, கறுப்பாக.

"இதைப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் முதுகுப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "மை பரவியிருந்துச்சு மேடம். யார் பார்த்தாலும் தெரிஞ்சிருக்காது. தப்பு என்னோடதுதான்னு சொல்லிட்டேனே."

தாளில் மை எங்கேயும் பரவியிருக்கவில்லை.

முதலாளி என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "இருபத்தாறு வருஷமா அவர் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பினதில்லை மேடம். போன மூணு மாசமா ஒரே ஒரு புகார்கூட இல்லை. அவர் கையெழுத்துப் போட்ட தாள் வேற, இந்தத் தாள் வேற. அந்தம்மா மாத்தி வெச்சிருக்கணும். கையெழுத்தையும் அவங்களே போட்டிருக்கணும். புருஷன் கையெழுத்து பொண்டாட்டிக்கு வராதா?"

"எதுக்காக மாத்தணும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

சந்தேகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. முதல் செங்கல்லை வைத்துவிட்டால் மீதிச் சுவர் தானாக எழும்பிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் வீட்டு மேஜை டிராயரில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. இரண்டு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் என் கணவரின் ஸ்கூட்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று அதில் எழுதி வருகிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிடப் பதினாலு கிலோமீட்டர் அதிகம். காலையில் டாக்ஸியில் வரும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல நாத்தனாரிடம் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை உங்க அண்ணன் உன் வீட்டுப் பக்கம் வந்தாரா?"

"ஏன் அண்ணி, அந்தக் கேஸுக்கும் நான்தான் அசிஸ்டென்ட்டா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பியபோது நாத்தனார் அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னோடு சேர்வதற்கு முன் பத்து வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள் அவள். கம்ப்யூட்டரைக் கண்டால் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்குவதுபோல அனுமதி கேட்காமல் தூக்கிக்கொள்வாள்.

"இங்க பாருங்க அண்ணி, அலமாரில கல்யாண சீர் மாதிரி மூணு கீபோர்டு அடுக்கி வெச்சிருக்காங்க."

"மூணு வாரமா மைக்ரோ குறி வரலை" என்றாள் அக்கா. சின்ன 'u' எழுத்துக்கு இடது பக்கம் ஒரு கால் தொங்கினால் அதுதான் மைக்ரோ, µ. "வலது பக்கத்து ஆல்ட்டையும் m-ஐயும் சேர்த்து அழுத்தினா வரும். பதினோரு வருஷமா வந்துச்சு. திடீர்னு நின்னுபோச்சு. முதலாளிகிட்ட மூணு தடவை சொன்னேன்."

"மூணு தடவையும் புது கீபோர்டு வாங்கிக் குடுத்தேனே!" என்றார் முதலாளி.

நாத்தனார் m-ஐத் தனியாக அழுத்தினாள். வந்தது. ஆல்ட்டை வேறு விசைகளோடு சேர்த்து அழுத்தினாள். வேறு வேறு குறிகள் வந்தன. இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். ஒன்றுமில்லை.

"தனித்தனியா ரெண்டும் தங்கம். சேர்த்து உட்கார வெச்சா மட்டும் பேச்சில்லை. புருஷன் பொண்டாட்டி மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை. சுவரோரத்தில் சிவப்புப் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

நான் திரையைக் கவனித்தேன். "இன்னொரு தடவை அழுத்து."

அழுத்தினாள். எழுத்து வரவில்லை. ஆனால் திரை முழுவதும் மிக லேசாக, கண் இமைப்பதுபோல ஒரு முறை மங்கித் தெளிந்தது.

"கண்ணடிக்குது அண்ணி!"

"நாலு கீபோர்டுக்கும் ஒரே நோய் வராது. நீங்க அழுத்தறது உள்ள போகுது. ஆனா பக்கத்துக்குப் போய்ச் சேரலை" என்றேன் அக்காவிடம். "நடுவுல யாரோ வாங்கிக்கிறாங்க."

அவள் முகத்தில் முதல்முறையாக ஆச்சரியம் தெரிந்தது. நடிப்பு இல்லை. அதை என் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"குறி வராம எப்படிச் சமாளிச்சீங்க?"

"சிம்பல் எழுத்துருன்னு ஒண்ணு இருக்கு. சாதாரண m-ஐ அடிச்சு அந்த ஒரு எழுத்தை மட்டும் அந்த எழுத்துருவுக்கு மாத்தினா, பார்க்க µ மாதிரியே இருக்கும். திரையிலயும் இருந்துச்சு. இங்க எடுத்த தாள்லயும் இருந்துச்சு."

"வேஷம் கட்டின m" என்றாள் நாத்தனார். "பிளேட் ரூம் சிஸ்டத்துல அந்த எழுத்துரு இருக்கா?"

முதலாளி போன் செய்தார். கேட்டார். முகம் சுருங்கியது. "இல்லையாம்."

"அப்போ வேஷம் கலைஞ்சு பழைய m-ஆ நின்னுடுச்சு. மைக்ரோ போய் மில்லி."

ஆக, பிழை பிறந்த இடம் தெரிந்தது. ஆனால் கையெழுத்திட்ட கடைசித் தாள் இன்னும் என் கையில் இருந்தது. அதில் வேஷம் கலைந்த m-தான் இருந்தது. இருபத்தாறு வருடக் கண் அதைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதலாளியின் சந்தேகம் இன்னும் சாகவில்லை. என்னுடையதும்தான்.

"அந்த நடுவுல வாங்கிக்கிறவரை முதல்ல பிடிப்போம்" என்றாள் நாத்தனார்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தாள். ஒன்றை நிறுத்துவது, இரண்டு விசைகளையும் அழுத்திப் பார்ப்பது. அடுத்ததை நிறுத்துவது, அழுத்திப் பார்ப்பது. பந்தியில் சாப்பிட்டவர்களை ஒவ்வொருவராக எழுப்பிவிடுவதுபோல. ஆறு பேர் எழுந்து போனார்கள். ஏழாவதை நிறுத்திவிட்டு அழுத்தினாள்.

திரையில் µ வந்து உட்கார்ந்தது.

அக்கா அதைத் தொலைந்த கம்மலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஏழாவதன் பெயர் 'பிரின்டர் உதவி'. பிரின்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது திரையைப் படம் பிடிக்கும் புரோகிராம்.

"கன்ட்ரோல், ஆல்ட், m மூணையும் அழுத்தினா உடனே ஒரு படம் எடுக்கிறது இதோட பிறவிக் குணம்" என்றாள் நாத்தனார். "வலது ஆல்ட்னா சிஸ்டத்துக்குக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த மாதிரிதான். இவங்க பாவம், மைக்ரோ கேட்டு அழுத்தறாங்க. இது, என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு ஓடி வந்து போட்டோ எடுத்துட்டுப் போகுது. யார் நிறுவினாங்களோ, அவங்களுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் குணத்தை அணைச்சிருப்பாங்க. வேவு பார்க்க வந்தவன் வாசல் மணியை அடிச்சுட்டே இருப்பானா?"

படங்கள் ஒரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தன. நாற்பத்தேழு படங்கள், அவள் µ கேட்டு அழுத்திய நாற்பத்தேழு முறை. ஒவ்வொன்றிலும் 'பத்து' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்துக்காகக் காத்துக்கொண்டு ஒரு மெல்லிய கோடு நின்றது. தேதி, மணி, நிமிடம் எல்லாம் கீழே. வேண்டுமென்றே மில்லி போடுகிறவள் நாற்பத்தேழு தடவை மைக்ரோ கேட்க மாட்டாள்.

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"நானா?" அவர் பேனா மூடி கீழே விழுந்தது. "மேடம், எனக்குப் பார்க்கணும்னா பின்னாடி வந்து நின்னு பார்ப்பேன். அந்தக் கண்ணாடிச் சுவர் எதுக்கு இருக்கு?"

"இருங்க" என்றாள் நாத்தனார். "இந்த நாப்பத்தேழு அதுவா எடுத்தது. வேணும்னு எடுத்த படங்கள் வேற இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. தினமும் மதியம் ஒண்ணுலேருந்து ஒண்ணே முக்கால் வரைக்கும்."

"அப்போ இங்க என்ன நடக்கும்?"

"சாப்பாட்டு நேரம்" என்றார் முதலாளி. "நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

வேலை கொடுக்கிறவன் வேலை நேரத்தை வேவு பார்ப்பான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவன் முதலாளி இல்லை.

நான் திரும்பவில்லை. திரும்பாமலே சுவரோரத்து விளக்கின் சூடு முதுகில் தெரிந்தது.

அதற்குள் முதலாளி திரைமேல் கவிழ்ந்திருந்தார். "இது... இது நாங்க முடிச்ச பக்கமாச்சே! கையெழுத்தான பக்கம். இதையும் பாருங்க, இதையும். எல்லாமே கையெழுத்துக்கு அப்புறம்! இந்தம்மா தினமும் சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து முடிஞ்ச பக்கத்தை மாத்தியிருக்காங்க! நான் சொன்னேனா இல்லையா?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "ஆமா. மாத்தினேன். பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

மணி இரண்டு நாற்பது. முதலாளி கடிதத்தை டைப் செய்யச் சொல்ல உள்ளே போனார்.

தாழ்வாரத்தில் நாத்தனார் கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "எதிரிக்கு ஒரு கோல் வேணும்னா நம்ம ஆட்டக்காரங்களே போடுவாங்க போலிருக்கே. என்னண்ணி, ஒரே அமைதி?"

"அந்தப் படங்கள்ல என்ன மாத்தியிருந்தாங்கன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். ஒரு இடத்துல விட்டுப்போன புள்ளி. இன்னொண்ணுல இருபத்தொண்ணுன்னு இருந்ததைப் பன்னிரண்டுன்னு ஆக்கியிருந்தாங்க. மருந்து கம்பெனி குடுத்த மூலத்துல பன்னிரண்டுதான். எல்லாம் சரியாத்தான் மாத்தியிருக்காங்க, அதான் புரியலை. திருடன் வந்து வீட்டைக் கூட்டிட்டுப் போன மாதிரி." கைப்பையிலிருந்து நிமிர்ந்தவள் முகம் மாறியது. "அய்யய்யோ."

"என்ன?"

"நம்ம கார்டு பத்தும் இங்கேயே இருக்கு அண்ணி. காலையில நான் அவர்கிட்ட நீட்டினது தையல் கடைக் கார்டு. அளவு ஜாக்கெட் கொண்டு வரவும்னு பெருசா போட்டிருக்கும்."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கடியில் பிடித்த அட்டை. இடமிருந்து வலமாக ஓடிய கண்கள். துப்பறிவதில் பெரிய பெயர். அதை எடுத்துக் கவிழ்த்து வைத்த மனைவியின் கை.

பத்தொன்பது இடங்களில் கறுப்பாக நின்ற ஓர் எழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கண்.

நாங்கள் உள்ளே போனபோது கடிதம் மேஜைமேல் வந்திருந்தது. அக்கா பேனாவைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன். சாய்வுப் பலகையின் முன்னால் போய் நின்றேன். "சார், அந்த போட்டோ புரோகிராமை எங்க வாங்கினீங்க?"

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாத்தனார் அவர் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

புரூஃப் சார் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். மறுக்கவில்லை. "பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு கடை. பையன் என்ன பார்க்கிறான்னு தெரியணும்னு சொன்னேன். பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க. நேரமும் அவங்களே வெச்சுக் குடுத்தாங்க, சொருகினா போதும்னு." சற்று நின்று சொன்னார். "எங்களுக்குப் பையன் கிடையாது."

"ஏன் இப்படி?" அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏங்க?"

அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "நான் சாப்பிட மாடிக்குப் போவேன். இவ பசிக்கலைன்னு இங்கயே இருப்பா. ஒருநாள் தண்ணி எடுக்கத் திரும்பி வந்தேன். சட்டுன்னு திரையை மூடினா. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்லை."

"படங்களைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அந்த வியாழக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

"என்ன இருந்தது?"

"எழுத்து. பக்கம் பக்கமா எழுத்து. யாருக்கோ கடிதம் எழுதிட்டிருக்கா."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். இதை வெளியே தனியாக அழைத்துப் போய்ச் செய்திருக்கலாம். கடிகாரம் இரண்டு ஐம்பத்தைந்து காட்டியது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, இந்த மாதிரி நொடிகளுக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேனோ என்ற சந்தேகம். அது என்மீதே எனக்கு உள்ளது.

"முதல் வரியை மட்டும் படிங்க சார்."

அவர் குனிந்தார். இன்னும் குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"வேண்டாம் மேடம்!" அக்கா ஓடி வந்து திரைக்கு முன்னால் நின்றாள். "போதும். விட்டுடுங்க."

"அவர் பார்த்தது கடிதம் இல்லைன்னு நீங்களே சொல்லுங்க. இல்லைன்னா அவர் சாகிற வரைக்கும் அதைக் கடிதம்னுதான் நினைச்சுட்டிருப்பார்."

அவள் கணவரின் தோளைப் பார்த்து, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அதெல்லாம் நீங்க பாஸ் பண்ண பக்கங்க. நாலு மாசமா நீங்க புள்ளியை விட்டுடறீங்க. எண்ணை மாத்திப் படிக்கிறீங்க. பாதி, பழைய தாள் ஞாபகத்துலயே படிக்கிறீங்க. டாக்டர்கிட்ட போகலாம்னா கோபம் வருது. அதான் நீங்க மாடிக்குப் போனதும் நான் மறுபடி ஒரு தடவை படிச்சு..."

"மூணு மாசமா ஒரு புகார்கூட இல்லையே" என்றார் அவர். "அதனாலதானே நான், கண்ணு இன்னும் பரவாயில்லைன்னு..."

முடிக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ வியாழக்கிழமை? அன்னைக்கு மட்டும் ஏன்மா நீங்க படிக்கலை?"

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அன்னைக்கு இவர் மாடிக்குப் போகலை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பக்கத்துல வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பதினோரு வருஷத்துல முதல் தடவை." குரல் சிறியதாகிவிட்டது. "எனக்கு எழுந்து போய் அந்தத் தாளைப் பார்க்க மனசு வரலை. அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். ரெண்டு மணிக்கு பிளேட் ரூம்ல எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் எதற்காக அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. நாத்தனார்கூட.

புரூஃப் சார் கையை நீட்டி மேஜைமேல் இருந்த கடிதத்தைத் தடவி எடுத்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு மனைவியிடம் கொடுத்தார்.

"இதுல யார் பேர் இருக்கு?"

"என் பேர்."

"கிழிச்சுடு. வேற அடி. நான் சொல்றேன்."

"அதுல முதல் வரியை நான் சொல்றேன்" என்றேன் முதலாளியிடம். "ஒரு விசை வேலை செய்யலைன்னு மூணு தடவை சொல்லியும், காரணம் தேடாம மூணு கீபோர்டு வாங்கப்பட்டதுன்னு. அப்புறம்தான் மத்தவங்க தப்பு."

அவர் பேனா மூடியைத் தேடி எடுத்தார். மாட்டினார். "எழுதுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாருக்கு முதல்ல டாக்டரைப் பார்ப்போம். மத்ததை அப்புறம் பேசுவோம். ரெண்டு பேரும் வேலையை விட்டுப் போறோம்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

அக்கா உட்கார்ந்து அடித்தாள். அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பத்து என்று அடித்தபின் அவள் விரல்கள் பழக்கத்தில் தயங்கின. இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தினாள்.

"வந்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"வந்துச்சு."

அவர் கேட்டதும், அவள் சொன்னதும் சாதாரணக் குரலில்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் டாக்ஸியில் நாத்தனார் மூன்று சிக்னல் வரை பேசவில்லை. அவளுக்கு அது சாதனை.

"அண்ணி. ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"ஸ்கூட்டர் மீட்டரைப் பார்த்து நோட்டுல எழுதறீங்களே. அது அண்ணனுக்குத் தெரியும்."

வெளியே ஒரு பஸ் உறுமிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அது போகும்வரை காத்திருந்தேன். "எப்போலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. உங்களுக்குக் கணக்கு உதைக்கக் கூடாதுன்னு, என் வீட்டுக்கு வரணும்னாகூட பஸ்லதான் வர்றான். போன மழையில நனைஞ்சுட்டு வந்து நின்னான். நானே திட்டினேன்."

"செவ்வாய்க்கிழமை?"

"அது எனக்குத் தெரியாது. நிஜமா." ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஏதோ கிறுக்கினாள். "துப்பறியறதெல்லாம் நமக்குக் கைவந்த கலை அண்ணி. கேக்கறதுதான் வர மாட்டேங்குது."

அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வழக்கம்போல எழுந்தேன். வழக்கமாக அவர் முகம் கழுவப் போகும்வரை காத்திருந்து அப்புறம்தான் வெளியே போவேன். இன்று அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே போய் எதிரில் நின்றேன். மீட்டர் அவர் கைக்குக் கீழே இருந்தது. பார்க்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை எங்க போனீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"அப்பாடா" என்றார். "கேட்டுட்டே."